பெஞ்சில் உட்கார்ந்தால்தான் முறை வரும்

என் மனைவி அம்சத்துக்கு வீரையன் சொல்லி எழுதுவது. நாகூர் ஆலைக் காவல் வேலையில் எனக்குக் குறையில்லை. உன் முழங்கால் வலி தேவலையா?

கண் புரைக்காக அரசு ஆஸ்பத்திரிக்கு மூன்று நாளாக நடந்தேன். எல்லோரும் பெஞ்சில் நகர்ந்து நகர்ந்து டாக்டரிடம் போக, நான் மிராசுதார்கள் முன்னால் இருந்த பழக்கத்தில் தரையிலேயே குந்தியிருந்தேன். கூலி உயர்வு கேட்டுச் செங்கொடி பிடித்தவன்தான். ஆனாலும் பெஞ்சில் உட்காரத் தோன்றவில்லை. இன்று நர்சம்மா அதட்டினார்.

"பெரியவரே, தரையில இருந்தா முறை எப்படி வரும்? ஏறி உக்காருங்க!"

பெஞ்சிலிருந்த நம்ம ஊர் மிராசுதார் சாம்பசிவம், "வாங்க" என்று நகர்ந்து தனக்கு முன்னால் இடம் விட்டார். இதை எழுதித் தருவதும் அவர்தான்.

போன மாதம் கண் முகாமில் எழுதித் தந்து, வெளியில் வாங்கச் சொன்ன சொட்டுமருந்து இரட்டை விலையாகிவிட்டது. ஆலைக்காரர் வாங்கித் தந்தார், நன்றாயிருக்கட்டும்.

கண் துடைக்க உன் பழைய சேலையில் ஒரு துண்டு அனுப்பு. கடைத்துணி உறுத்துகிறது.

எனக்கு முன்னால் இனி ஒருவருமில்லை. டாக்டர் கூப்பிடுகிறார், போகிறேன்.