காயாத துண்டு

ஜூன் 3
இன்று கூடத்தில் இருந்தவர்கள்: நான், என் கணவர், அவர் அக்கா, பாடப்பெட்டி விற்பவர், மேசைக்கு அடியில் நாங்கள் வீட்டிலேயே படிக்கவைக்கும் ஒன்பது வயதுப் பொடிசு, எங்கள் மகள்.

விற்பவர் இரண்டு பெட்டிகளைத் திறந்தார். ஒன்று, மேதைகளுக்கான அறிவியல். மற்றது, மெதுவாகக் கற்பவர்களுக்கான எழுத்துப்பயிற்சி. இரண்டையும் கேட்டேன்.

“ரெண்டு பிள்ளைங்களாம்மா?”

“ஒண்ணுதான்.”

“அப்படி ஒரு பிள்ளையா!” என்று சிரித்தார். உலகத்துப் பிள்ளைகள் எல்லாம் இவருடைய விலைப்பட்டியலைப் பார்த்துத்தான் பிறக்க வேண்டும் போலிருக்கிறது.

நாத்தனார் சும்மா இருப்பாரா? “பள்ளிக்கூடத்துல போட்டா தன்னால எழுதும். வீட்டுல வச்சுக் கொஞ்சினா கை எப்படி வரும்?”

“சரிங்க அண்ணி” என்றேன். நாக்கைக் கடித்த கடியில் பாதி நாக்கு போயிருக்கும்.

ஜூன் 5
எழுத்துப் பெட்டி: நாற்பது பக்கமும் புள்ளிகளை இணைத்துப் ‘பந்து’ எழுத வேண்டும். பக்கத்துக்குப் பக்கம் ஒரு வாத்து கைதட்டுகிறது. “வாத்துக்கு ஏதும்மா கை?” என்றாள். மூன்று வரிக்கு இருபத்தாறு நிமிடம், நோட்டில் குறித்துவிட்டேன். விரல்கள் வெளுத்துப்போயின. “மூளை ஓடுதும்மா, கைதான் வரமாட்டேங்குது.” அறிவு மூன்று வயது முன்னே, எழுத்து மூன்று வயது பின்னே என்று இவளைச் சோதித்த கல்வி ஆலோசகர் நான்கு பக்கம் எழுதினாரே, இவள் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள்.

அறிவியல் பெட்டி: சோடா மாவு, வினிகர், நுரை. “பொங்கிச்சு. சரி, அப்புறம்?” என்றாள். அப்புறத்துக்கு அதில் பக்கமே இல்லை. மேதைகளுக்கு நுரை போதுமாம்!

ஜூன் 6
இரண்டையும் திருப்பி அனுப்பினேன். வாத்தோடு சேர்த்து.

ஜூன் 11
வீட்டில் படிக்கும் பிள்ளைகளைக் கண்காணிக்கும் கல்வி ஆய்வாளரின் கடிதம். மாத முடிவுக்குள் பிள்ளை ‘சுயமாக எழுதிய’ அறிவியல் கட்டுரை வேண்டும். இல்லையென்றால் பள்ளியில் இரண்டாம் வகுப்பில் உட்கார வேண்டும். இவளா? இரண்டாம் வகுப்பிலா? கடவுளே, எனக்குப் பொறுமையைக் கொடு, அவர்களுக்கு அறிவைக் கொடு. முதலில் அவர்களுக்கு.

ஜூன் 13
எப்படி வைத்தால் துண்டு சீக்கிரம் காயும் என்று பார்க்கப்போகிறாளாம். சமையலறைத் தராசும் மூன்று ஈரத் துண்டுகளும் போதுமாயிருந்தன. ஒன்றை விரித்தாள், ஒன்றை மடித்தாள், ஒன்றை மின்விசிறிக்கு நேரே கட்டினாள். அரைமணிக்கு ஒருமுறை எடை. அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். கட்டுரையும் அப்படியே.

ஜூன் 16
கட்டுரை தபாலில் போயிற்று. நாத்தனார் நகலைப் படித்தார். “பரவாயில்லையே! உன் பொண்ணா சொன்னா?”

“பின்னே நானா?” என்றேன். அண்ணிக்கு வேண்டும், நன்றாக வேண்டும் என்றிருந்தது.

ஜூன் 17
மதியம் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். பாதியில், “நிறுத்தும்மா. இது நான் சொன்னது இல்ல.”

“நீ சொன்னதுதான்டி.”

“மடிச்ச துண்டு நடுவுல ஏன் காயலன்னு எனக்குத் தெரியலன்னுதானே சொன்னேன்? நீ காரணம் எழுதியிருக்க.”

“காரணம் சரிதான். புத்தகத்துல பாத்துத்தான்—”

“சரியாவே இருக்கட்டும். எனக்குத் தெரியாததை ஏன் எடுத்த? அதைத்தானே அடுத்து பாக்கணும்னு வச்சிருந்தேன்!”

அழுதாள். எழுத வராதபோதுகூட இப்படி அழுததில்லை.

ஊரையெல்லாம் ஏளனம் பண்ற பெரிய மனுஷி நான்! ‘தெரியல’ன்னு இருந்தா மக்குன்னு நினைச்சிடுவாங்கன்னு பயந்து, பிள்ளை பேர்ல பொய்யை அனுப்பியிருக்கேன். பிரார்த்தனைக்கு உட்கார்ந்தேன். இந்தத் தடவை அறிவை முதலில் எனக்குக் கேட்டேன்.

ஜூன் 18
ஆய்வாளருக்கு அனுப்பியதன் நகல்:

“ஐயா, என் மகள் பெயரில் வரும் கட்டுரையை ஒதுக்கிவிடுங்கள். அவள் சொன்னதை எழுதுவதாக உட்கார்ந்து, நான் மாற்றி எழுதினேன். தவறு என்னுடையது. இத்துடன் அவள் குரலிலேயே ஒன்பது நிமிட ஒலிப்பதிவு இருக்கிறது. கூடவே, பதினெட்டு நிமிடம் எடுத்து அவளே எழுதிய ஒரு வரி: ‘மடிச்ச துண்டு ஏன் காயலன்னு எனக்குத் தெரியல.’ இவற்றை அவளுடைய கட்டுரையாக ஏற்பீர்களா? அடுத்த சோதனைக்கு அவள் துண்டை நனைத்துவிட்டாள். விரைவில் பதில் தாருங்கள்.”