கோரைக்குள் பாடிய நீளக்கொம்பன்

சார்,

இன்று காலை மாடியில் காயப்போட்டிருந்த என் வெள்ளைச் சட்டையில் ஒரு வெட்டுக்கிளி வந்து உட்கார்ந்தது. முழங்கை நீளம் இருக்கும். என் மனைவி சரோஜா விரல் நீளம் என்கிறாள். அவளுக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும். "வடக்கேருந்து படை வந்துட்ச்சு, மருந்து அடிங்க" என்று அவள் கத்த, நான் அசையாமல் குனிந்து முதலில் அதன் தலையில் இருந்த உணர்கொம்பைப் பார்த்தேன். குட்டைக் கொம்பு.

"பகல் ஆளு. பின்னங்காலை ரெக்கைல தேச்சுப் பாடுற கூட்டம். ஒண்டியா வந்துகீது, வுடு" என்றேன்.

வாய் என்னுடையது. சொன்னதெல்லாம் நீங்கள் சொன்னது. அது எகிறிப் போன பிறகும் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.

செம்பாக்கத்தில் என்னைத் தெரியாதவர் கிடையாது. எங்கள் அப்பா காலத்தில் ஏரிக்கரை வரை எங்கள் நிலம். இப்போதுள்ள தெருக்களில் பாதி நான் மனைக்கல் நட்டு விற்றவை. தாம்பரத்திலிருந்து மேடவாக்கம் வரை என் ஜல்லி விழாத அஸ்திவாரம் இல்லை. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னிடம் தோற்றுப்போய் விட்டது, அவ்வளவுதான். அப்படிப்பட்டவன் வீட்டு மாடிப் போர்ஷனுக்கு நீங்கள் குடிவந்தீர்கள். கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர், கல்யாணமே செய்துகொள்ளாதவர். வீடு பார்க்க வருகிறவர்கள் தண்ணீர் உப்பா, மோட்டார் எப்போது போடுவீர்கள் என்று கேட்பார்கள். நீங்கள் நேராகப் பால்கனிக்குப் போய், பக்கத்துக் காலி மனையில் மண்டிக்கிடந்த எருக்கையும் புல்லையும் பார்த்தீர்கள்.

"ஓனர் சார், இந்த மனை யாரோடது?"

"நம்மள்துதான் சார். நாளைக்கே ஆள வுட்டு சுத்தம் பண்ணித் தரேன்."

"பண்ணிடாதீங்க. அதுக்காகத்தான் வரேன்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்ததுபோலத் தலையாட்டினேன். அது எனக்குக் கைவந்த கலை.

பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த மனையில் நாம் இருவரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு திரிந்ததைத் தெருவே பார்த்துச் சிரித்தது. நான் கவலைப்படவில்லை. வெட்டுக்கிளி என்றால் பச்சை ஒன்று, பழுப்பு ஒன்று என்று நினைத்துக்கொண்டிருந்தவனுக்கு நீங்கள் ஒரு பெரிய ஊரையே திறந்து காட்டினீர்கள். குட்டைக் கொம்பு ஒரு பக்கம், நீளக் கொம்பு ஒரு பக்கம். நீளக் கொம்பனுக்குக் கொம்பு உடம்பைவிட நீளம், தலைமுடி மாதிரி மெலிசு. குட்டைக் கொம்பனுக்கு வயிற்றோரத்தில் காது. நீளக் கொம்பனுக்கு முன்னங்கால் முட்டிக்குக் கீழே காது.

"முட்டிலயா! என் முட்டிக்கு டாக்டர் சொல்றதே கேக்க மாட்டேங்குது சார்."

"அதுங்க முட்டி ஜல்லி லாரி ஏறினதில்ல, ஓனர் சார்."

படையாக வந்து வயலை மொட்டையடிக்கிற வெட்டுக்கிளி வேறேதோ அசுரப் பிறவி என்று நான் அடித்துச் சொன்னபோது நீங்கள் சிரித்தீர்கள். "இதே குட்டைக் கொம்புக் குடும்பம்தான். அதுல சில இனத்துக்கு மட்டும் அந்தக் குணம். தனியா இருக்கறவரைக்கும் சாது. இடம் சுருங்கி, ஒண்ணோட ஒண்ணு இடிச்சு, பின்னங்கால்ல திரும்பத் திரும்ப உரசல் பட்டா கொஞ்ச நேரத்துல குணம் மாறிடும். அப்புறம் நிறமும் மாறும்."

"அப்போ காலைல தாம்பரம் ஸ்டேஷன்ல நிக்கிறவன்லாம்?"

"அதே கேஸ்தான்."

அன்று முழுக்க நான் யார்மேலும் உரசாமல் நடந்தேன், சார். உள்ளுக்குள் ஒரு படையை வைத்துக்கொண்டு ஒன்றும் தெரியாததுபோல் புல் தின்கிற அந்தச் சின்ன முகத்தை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிலிர்க்கிறது.

ஒரு நாள் விளக்கு வைக்கிற நேரம். மொட்டைமாடியில் நின்றுகொண்டு கேட்டீர்கள்: "இந்த வருஷம் நீளக் கொம்பன் ஒண்ணுகூடப் பாடலியே, ஏன்?"

"இன்னா சார் இது, காது கிழியுது! மனை முழுக்க கச்சேரி நடந்துகினு கீது!"

நீங்கள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டீர்கள். எருக்கஞ்செடிப் பக்கம் தலையைச் சாய்த்தீர்கள். இந்தக் காது, பிறகு அந்தக் காது. "எனக்குக் கேக்கல" என்றீர்கள்.

வயதானால் உச்ச ஸ்தாயியில் இருக்கிற கீச்சுச் சத்தம்தான் முதலில் போகும் என்று பிறகு விளக்கினீர்கள். பஸ் கேட்கும், நான் பேசுவது கேட்கும் (நான் பேசுவது வேளச்சேரியிலும் கேட்கும்), அவை மட்டும் போய்விடும். காது மெஷின் வாங்கிப் பார்த்தீர்கள். அதில் லாரி ஹாரன்தான் பெரிதானது. ஒரு வாரம் நீங்கள் மாடியை விட்டு இறங்கவே இல்லை. சரோஜா ரசம் எடுத்துக்கொண்டு போனபோது அவளிடம்தான் முதலில் சொன்னீர்களாம். உங்களுக்கு ஒரே ஒரு கடன் பாக்கி. சின்ன வயதில் பள்ளிக்கரணைச் சதுப்பின் ஓரமாக நடக்கும்போது கோரைக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டிருக்கிறது. மெல்லத் தட்டித் தட்டி, பிறகு நீளமாக ஓர் இழுப்பு. எத்தனையோ முறை போயும் பாடியவனைப் பார்க்க முடியவில்லை. கிட்டப் போனால் நிறுத்திவிடும். யார் அது, எந்தக் குடும்பம் என்று தெரியாமலேயே ஒரு வாழ்க்கை போய்விட்டது. இனி அவன் பக்கத்திலேயே பாடினாலும் தெரியாது.

நான் படியேறி வந்து நெஞ்சைத் தட்டினேன். "என் காது கீது சார். இன்னா கவலை?"

"உங்க காதப் பத்திக் கவலை இல்ல. வாயப் பத்திதான்."

நியாயமான பயம். ஆனால் மிமிக்ரியில் நான் சாதாரண ஆளில்லை. பள்ளி ஆண்டுவிழாவில் நான் கூட்ஸ் வண்டி போலக் கூவி, ஸ்டேஷன் மாஸ்டர் கொடியோடு ஓடிவந்த கதை இந்த வட்டாரமே அறியும். பூச்சியின் உச்சக் குரலை என் கட்டைத் தொண்டைக்கு இறக்கினால் உங்களுக்குக் கேட்கும் என்று கண்டுபிடித்தது யார்? நான்தான். நீங்கள்தான் என்று சரோஜா சொல்வாள், விடுங்கள். காலி மனையில் கேட்டதை முதன்முதலில் நான் பாடிக்காட்டியபோது கண்ணை மூடிக்கொண்டு கேட்டீர்கள்.

"நடுவுல ஒரு நாயனம் வருதே, அது பூச்சியா, நீங்களா?"

"அது... கொஞ்சம் அழகுக்கு சேத்தது சார்."

"அழகு வேணாம். அது எங்க நிறுத்துச்சோ அங்க நிறுத்துங்க."

பிறகு உங்கள் ஞாபகத்தில் இருந்த அந்தக் குரலை நீங்களே எனக்குப் பாடிக்காட்டினீர்கள். பேராசிரியர் ஒருவர் உதட்டைக் குவித்து 'டிக்... டிக்... டிக்... ஸ்ஸீ...' என்று இழுத்ததைக் கேட்டுச் சரோஜா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே ஓடினாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அத்தனை வருஷம் கழித்தும் ஓர் இடத்தில்கூட நீங்கள் தடுமாறவில்லை.

அதன்பிறகு சாயங்காலங்களில் என் ஸ்கூட்டரில் உங்களைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பள்ளிக்கரணை. நீங்கள் சாலையோரம் நிற்பீர்கள், நான் சரிவில் இறங்குவேன். முதல் மாதம் தவளைதான் கிடைத்தது. எதற்கெடுத்தாலும் "கிடைச்சுட்ச்சு சார்" என்று கத்துகிறவன், அந்த ஒரு மாதமும் மேலேறி வந்து "இல்ல சார்" என்று மட்டும் சொன்னேன். பொய்யாக ஒரு சத்தம் போட்டிருந்தால் உங்கள் முகம் மலர்ந்திருக்கும். உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அது வாயில் வரவில்லை.

ஒரு நாள் கேட்டது. பஸ் போன பிறகு விழுந்த சின்ன அமைதியில், இடது கைப்பக்கம், கோரைக்குள். டிக், டிக், டிக். அப்புறம் அந்த இழுப்பு. நீங்கள் பாடியது அப்படியே!  செருப்பை விட்டேன், சேற்றில் இறங்கினேன். இடுப்பளவு சேறு. என் தொடை கனத்தில் ஒரு பாம்பு எனக்கு வழிவிட்டு ஒதுங்கியது. சாலையில் பைக்கை நிறுத்தி ஒருவன் கேட்டான்:

"இன்னா பெர்சு, வெராலா?"

"மீனு இல்லடா, பாட்டு!"

"வூட்ல தேடப் போறாங்க, ஏறு மேல!"

"வாய மூடுறா, பாடறவன் நிறுத்திடுவான்!"

நிறுத்தினான். நானும் நின்றேன். இருவரும் மூச்சு விடவில்லை. மறுபடி அவன் தொடங்கியபோது கோரைத் தண்டுக்கு அந்தப் பக்கம் ஓர் அசைவு. கைக்குட்டையை வீசி அவனைப் பொத்திப் பிடித்தேன்.

வீட்டில், சாப்பாட்டு மேசைமேல், ஈ மொய்க்காமல் பாத்திரத்தை மூடுகிற வலைக்கூடையைக் கவிழ்த்து அதற்குள் விட்டோம். கோரைப்பச்சை, கூர்ந்த தலை, உடம்பைத் தாண்டிப் போன கொம்பு. "நாளைக்கு அதுல நான் அப்பளம் மூடணும்" என்றாள் சரோஜா. ஆனால் அவளும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். விளக்கை அணைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் காத்திருந்தோம்.

திடீரென்று அவள் என் கையைப் பிடித்தாள். "பாடுது!"

நீங்கள் பூதக்கண்ணாடியை வலையோடு ஒட்டி வைத்திருந்தீர்கள். உங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. சிறகு நடுங்குவது மட்டும் தெரிந்தது. நான் உங்கள் காதோரம் குனிந்து அவனோடு சேர்ந்தேன். அவன் தட்டியபோது தட்டினேன், அவன் இழுத்தபோது இழுத்தேன், அவன் நிறுத்திய இடத்தில் நிறுத்தினேன். உங்கள் கண் அவன் சிறகில், காது என் வாயில். சிறிது நேரம் கழித்து உங்கள் விரல் மேசையில் தாளம் போடத் தொடங்கியது.

"சேருது" என்றீர்கள். "ஓனர் சார், சேருது. இவன்தான்."

 பிறகு ஒவ்வோர் உறுப்பாக எனக்குக் காட்டினீர்கள். "ரெக்கைய பாருங்க. இடது மேல, வலது கீழ. சுவர்க்கோழின்னா வலது மேல இருக்கும். கால்ல தேய்க்கல, ரெக்கையில ரெக்கைய தேய்க்கறான். முட்டிக்குக் கீழ அந்தக் கோடு தெரியுதா? அதான் காது." நீளக் கொம்புக் குடும்பம், அதில் கூம்புத் தலைக் கிளை என்று அவனை அவன் வீட்டில் கொண்டுபோய் உட்கார வைத்தீர்கள்.

"புதுசா சார்? என் பேரு வெக்கலாமா?" என்று கேட்டேன். இந்த நேரத்தில் கேட்காமல் எப்போது கேட்பது?

"இல்ல ஓனர் சார். ரொம்ப சாதாரணப் பூச்சி. பேரு எப்பவோ வெச்சாச்சு. கிளாஸ்ல பசங்களுக்கு எத்தனையோ தடவ இவனக் காட்டியிருக்கேன். இவன் பாடி மட்டும் பாத்ததில்ல. அந்தக் குரல் வேற யாரோன்னே நெனச்சுட்டேன்." சொல்லிவிட்டு நீங்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே. புதுசு கிடைத்தவர்கூட அப்படிச் சிரித்திருக்க மாட்டார்.

மறுநாள் அவனைப் பிடித்த இடத்திலேயே விட்டோம். அடுத்த மழைக்காலத்தில் நீங்கள் போய்ச் சேர்ந்தீர்கள். கடைசி நாட்களில், ஆஸ்பத்திரிக் கட்டிலில், பேச்சு நின்ற பிறகும் என்னைப் பார்த்து விரலால் தட்டினீர்கள். நான் குனிந்து பாடினேன். நர்ஸம்மா என்னை விநோதமாகப் பார்த்தார். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டீர்கள்.

அந்தக் குரல் இப்போது என் தொண்டையில்தான் இருக்கிறது, சார். ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது தானாக வந்துவிடும். பக்கத்தில் இருப்பவர் நகர்ந்து உட்காருவார். இந்த வாய் தொட்டதெல்லாம் பெரிதாகிவிடும். பாம்பு, சேறு, ஏரி, எங்கள் அப்பா நிலம், எதையும் அது விட்டதில்லை. ஆனால் அந்தக் குரலைப் பாடும்போது மட்டும் ஒரு தட்டு கூடுவதில்லை, ஓர் இழுப்பு நீளுவதில்லை. வாயைக் கட்டுப்படுத்திக்கொள்வதால் அல்ல. விரல் நீளப் பூச்சி, முட்டியில் காது, சிறகில் பாட்டு. இதற்குமேல் பெரிதாக்க என்னிடம் ஒன்றும் இல்லை.