அன்ரனி அண்ணனின் கால்மேல் போட்ட பழி

அன்பு மகன் ஸப்ராஸுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உம்மாவும் தங்கச்சி நஸ்ஹாவும் நலம், தோஹா வெயிலில் நீயும் நலமாய் இருக்க வேண்டுமென்று தொழுகைக்குத் தொழுகை கேட்கிறோம். கற்பிட்டியில் காற்றுக் காலம் பிடித்துவிட்டது, கராஜுக்குள்ளும் மணல்தான். நஸ்ஹா பரீட்சைக்குப் படிக்கிறாள், உம்மா பல்வலியோடு திரிகிறா, டொக்டரிடம் வா என்றால் வருகிறா இல்லை, நீயாவது சொல்லு. எப்போதும் போனில் கத்துகிற வாப்பா எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று யோசிப்பாய். வாயால் சொல்ல வெட்கமாய் இருக்கிறது, அதுதான்.

கருவாட்டு யாவாரி அன்ரனிப்பிள்ளை அண்ணனின் மொரிஸ் மைனர் காருக்கு, கிளச் தேவைப்படாத ஓட்டோமெட்டிக் கியர்பொக்ஸ் மாட்டியது உனக்குத் தெரியும். சீனி வருத்தத்தில் இடது காலை எடுத்த பிறகு மனுசன் கிளச் மிதிக்க வழியில்லாமல் ஒரு வருசம் வீட்டோடு கிடந்தார். புது மொடல் ஜப்பான் வேனில் இருந்து பெட்டியைக் கழற்றி, காரின் அடித்தட்டை வெட்டி, ஷாஃப்டைக் குறுக்கி, மூன்று கிழமை மினக்கெட்டேன். வேலை சுத்தம், அதில் பிழை சொல்ல ஏலாது. கடைசியில் நியூட்ரல் சுவிட்சின் வயர் பழைய காரோடு ஒத்துவரவில்லை. கியரில் கிடந்தால் கார் ஸ்டார்ட் ஆகாமல் தடுப்பது அந்தச் சுவிட்ச்தான். வயர் போடும் விதத்தைப் படமாய் வரைந்து என் போனுக்கு அனுப்பினாய், அது இல்லாமல் வண்டியைக் குடுக்காதீங்க வாப்பா என்றும் சொன்னாய். நேத்துப் பொறந்தவன் எனக்குப் படிப்பிக்க வாறியா என்று ஏசிப் போனை வைத்தேன். எனக்கு அவசரம். சுவிட்சை விட்டுவிட்டு ஸ்டார்ட்டருக்கு நேரே வயரை இழுத்தேன்.

நம்முடைய ஊர் ஆட்களின் பழக்கத்தை நான் யோசிக்கவில்லை மகன். கடல் உப்பில் ஹேண்ட்பிரேக் கம்பி துருவேறி இறுகிவிடும் என்று இங்கே ஒருவரும் அதை இழுப்பதில்லை, கியரில் போட்டுத்தான் காரை நிறுத்துவார்கள். அண்ணனும் நாற்பது வருசப் பழக்கத்தில் டிரைவ் கியரில் வைத்தபடியே சாவியை எடுத்திருக்கிறார். விடிய வந்து சோக்கை இழுத்துச் சாவியைத் திருப்பினதும் கார் பாய்ந்து கிணற்றுக்கட்டில் மோதியது. அவருக்கு நெற்றியில் ஐந்து தையல். அந்தக் கிணற்றுக்கட்டின் மேல் அவருடைய மகள் டெனிஷா அப்போதுதான் வாளியை வைத்துவிட்டு உள்ளே போயிருந்தாள்.

நான் போய்க் குனிந்து பார்த்ததுமே என் வயர்தான் பிழை என்று விளங்கிவிட்டது. விளங்கியும், வந்து நின்ற சனத்துக்கு முன்னால், அண்ணே நீங்க காலை மாத்தி மிதிச்சிட்டீங்க என்றேன். இருக்கிற ஒரு காலை எப்படி மாற்றி மிதிப்பது? அந்த மனுசன் அதை நம்பித் தலையை ஆட்டினார். அன்றே சாவியை மகளிடம் கொடுத்து, காரை விற்றுவிடு, நான் இனி ஓட்ட மாட்டேன் என்றாராம். உம்மாதான் அதை வந்து சொன்னா.

ஐந்து நாள் பொறுத்து நேற்று அஸர் தொழுதுவிட்டுப் போனேன். பிழை உங்கட காலில இல்ல, என்ட வயர்லதான் என்று டெனிஷாவையும் வைத்துக்கொண்டு சொன்னேன். அவள் நன்றாக ஏசினாள், கேட்டுக்கொண்டு நின்றேன். பிறகு அண்ணன், அஞ்சு நாளா நான் பேத்தியத் தூக்கவும் பயந்திட்டன் தம்பி, என்ட உடம்பு என்ட சொல்லுக் கேக்குதில்ல எண்டு நெனச்சன் என்றார். அந்தச் சுவிட்சைப் போட்டுத் தாறன், காரை விக்காதீங்க அண்ணே என்றேன்.

காரை இன்று கராஜுக்குக் கொண்டுவந்துவிட்டேன். உன் வேலையிடத்தில் பெரியவர்கள் ஏசினாலும் சரியென்று பட்டதைச் சொல்லு, என்னைப் போல யாரும் வாயை அடைத்தால் திரும்பவும் சொல்லு. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல சம்பாத்தியமும் தரட்டும். நேரத்துக்குச் சாப்பிடு, உம்மாவின் போனை எடு.

நீ அனுப்பிய அந்த வயர்ப் படத்தை அன்றைக்கே கோபத்தில் அழித்துவிட்டேன். இன்னொரு தரம் அனுப்பு மகன்.

இப்படிக்கு,
உன் வாப்பா
நௌஃபர்