‘மாற்றப்பட்டது’ என்று பூட்டப்பட்ட மூன்று மூடை விதைநெல்

அனுப்புநர்:
கந்தவனம் அருளம்பலம்,
கமக்காரர்,
கட்டைபறிச்சான், மூதூர்.

பெறுநர்:
பிரதி விவசாயப் பணிப்பாளர் அவர்கள்,
திருகோணமலை.

விடயம்: எனது மருமகள் தவராசா பூரணியின் மூன்று மூடை விதைநெல்லை மழைக்கு முன் விடுவித்தலும், ‘மாற்றுதல்’ என்னும் சொல்லுக்குத் தங்கள் கையொப்பத்துடன் விளக்கம் வேண்டுதலும்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. கொட்டியாரக் குடாவை லோஞ்சில் கடந்து, தங்கள் கந்தோர் வாசலில் இரண்டு நாள் காத்திருந்து, இரண்டு நாளும் தாங்கள் கூட்டத்தில் இருப்பதாக அறிந்து திரும்பியவன் நான். மூன்றாம் முறை வருவதற்குள் மழை முந்திவிடும் என்ற பதைப்பில் இதை எழுதுகிறேன். கதையைப் பெருப்பித்துச் சொல்பவன் என்று ஊரில் எனக்குப் பெயர். சென்ற வருடம் என் வளவில் காய்த்த பூசணிக்காயைத் தூக்கத் துறைமுகத்துப் பாரந்தூக்கியைக் கேட்டு ஆளனுப்பினேன் என்று நான் பரப்பிய செய்தி முழுப்பொய் என்பதை இத்தால் ஒப்புக்கொள்கிறேன். ஆகையால் இம்மனுவில் நாலில் மூன்று பங்கைத் தாங்கள் கழித்து வாசிக்கலாம். ஆறாம் பந்தியில் மட்டும் எதையும் கழிக்கவேண்டாம்.

2. பூரணி என் தங்கையின் மகள். இரண்டு ஏக்கர் வயலைத் தனியாளாகச் செய்பவள். யுத்த காலத்தில் சோதனைச் சாவடி தாண்டி யூரியா வராது என்பது தாங்கள் அறிந்ததே. ஒரு பிடி யூரியாவுடன் பிடிபட்டவன் அணுகுண்டுடன் பிடிபட்டவன்போல் விசாரிக்கப்பட்டான். புதிய நெல்லினங்கள் பசளை இல்லாமல் எங்கள் மண்ணில் முழங்கால் உயரத்தில் நின்று அழுதன. எனவே பூரணி பச்சைப்பெருமாள் என்ற பழைய சிவப்பு நெல்லையே விதைத்து வந்தாள். மாட்டெரு, குப்பை, இலைதழை, எனது புத்திமதி ஆகியவையே அவளுடைய பசளை. கடைசியாகச் சொன்னது தாராளமாகக் கிடைத்தது.

3. சமாதானம் வந்தது. பாதை திறந்தது. பாதை திறந்த கையோடு கொழும்பிலிருந்து ‘நிர்மலபூமி’ இயற்கை உணவு நிறுவனத்தார் வந்து இறங்கினார்கள். அவர்களுடைய வாகனத்தின் நீளத்தைச் சொன்னால் தாங்கள் நம்பமாட்டீர்கள், விடுகிறேன். பத்து வருடம் இரசாயனம் தீண்டாத மண் என்று கேட்டதும் அவர்களில் ஒருவர் வரம்பில் குந்தி மண்ணை மோந்து பார்த்துக் கண்கலங்கினார். பூரணியைப் படம் பிடித்து, அரிசிப் பைக்கற்றின்மேல் போட்டு, கீழே ‘இரசாயனத்தை மறுத்த மண்ணின் மகள்’ என்று அச்சடித்தார்கள். பூரணி பைக்கற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “நான் எங்க மாமா மறுத்தனான்? அவங்கள் விடேல்ல” என்றாள். அன்றே நான் அந்தச் சொல்லைத் திருத்தச் சொல்லியிருக்கவேண்டும். படம் வடிவாக வந்திருந்ததால் பேசாமல் இருந்துவிட்டேன். இது என் பிழை.

4. தூய்மையைக் காப்பதற்காக, ஒப்பந்தப்படி, விதைநெல்லைக் கிளிவெட்டியில் தாம் வாடகைக்கு எடுத்த களஞ்சியத்தில் வைக்கும்படி நிறுவனத்தார் கேட்டார்கள். பூரணி மூன்று மூடை வைத்தாள். பிறகு ஒரு படிவம் வந்தது. பதினெட்டுப் பக்கம். அதை விரித்து ஒட்டினால் எங்கள் ஊரிலிருந்து மூதூர் இறங்குதுறைவரை நிலபாவாடை விரிக்கலாம். ஆங்கிலத்தில் இருந்து யாரோ அவசரத்தில் தமிழாக்கியது. ஒன்பதாம் கேள்வி இது: ‘உங்கள் விதை மாற்றப்பட்டதா? ஆம் எனில் எப்போது, யாரால்?’

பூரணி எழுதிய பதில்: ‘ஓம். மூன்று போகத்துக்கு ஒருக்கால். மூதூர் முஹம்மது தம்பி.’

ஐயா, ஒரு வயலின் நெல்லை அதே வயலில் திரும்பத் திரும்ப விதைத்தால் நெல் களைத்துப் போகும் என்பது எங்கள் பகுதிக் கமக்காரரின் அனுபவம். ஆகையால் வேறு மண்ணில் விளைந்த அதே இன நெல்லை ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்குவோம். விதை மாற்றுதல் என்றால் எங்களுக்கு இதுதான். கேள்வி கேட்டவர்களோ ஆய்வுகூடத்தில் ஓர் உயிரின் குணத்தை எடுத்து இன்னோர் உயிரின் வித்துக்குள் வைக்கும் வித்தையைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். ‘மரபணு’ என்ற நாலெழுத்தை மொழிபெயர்த்தவர் வழியில் எங்கோ தவறவிட்டுவிட்டார்.

5. விளைவு: மூன்று மூடைகளும் ‘மாற்றப்பட்டது. தொடவேண்டாம்’ என்ற முத்திரையுடன் பூட்டப்பட்டன. விசாரணைக்கு மூன்று மாதம் ஆகுமாம். மூதூர்க் கமக்காரரான திரு. முஹம்மது தம்பிக்கும் அவருடைய ஆய்வுகூடத்தின் விலாசம், அனுமதி இலக்கம், உபகரணப் பட்டியல் கேட்டுப் பதிவுத் தபால் போயிற்று. அவரிடம் இருப்பவை ஒரு சுளகு, இரண்டு பாய், ஒரு கிழட்டு ஆடு. மூன்றையும் எழுதி அனுப்பினார். ஆட்டின் பணி என்னவென்று திருப்பிக் கேட்டிருக்கிறார்கள்.

தம்பிராசாவின் தேநீர்க் கடையில் இதுபற்றி ஒரு வாரம் மாநாடு நடந்தது. மீனின் குணத்தைத் தக்காளிக்குள் வைக்கிறார்களாம், அப்படியானால் வெள்ளிக்கிழமையில் தக்காளி சமைக்கலாமா என்று இளைப்பாறிய ஆசிரியர் சிவகுருநாதன் கேட்டார். பசியைத் தீர்க்கும் என்றால் வரட்டுமே என்றார் ஒருவர். பிறகு ஒவ்வொரு போகமும் விதைக்குக் கொம்பனியிடம் கையேந்தவேண்டி வருமே என்றார் மற்றவர். எனக்கு இதில் தீர்ந்த முடிவு கிடையாது. ஆனால் மாற்றாத விதையை மாற்றியது என்று பூட்டி, மறுக்காத பெண்ணை மறுத்தவள் என்று விற்கிறவர்களிடம் அந்த முடிவை விடுவதற்கில்லை.

6. தொண்ணூற்றேழாம் ஆண்டு பூரணியின் வீடு எரிந்தது. விதைநெல்லும் எரிந்தது. அந்த வருடம் தமிழ் ஊருக்கும் முஸ்லிம் ஊருக்கும் கதை முறிந்திருந்தது. இவர்கள் அங்கே போவதில்லை, அவர்கள் இங்கே வருவதில்லை. முஹம்மது தம்பி தன் பங்குப் பச்சைப்பெருமாளைச் சின்னச் சின்னப் பைகளில் கட்டி, சைக்கிளில், சோதனைச் சாவடி தாண்டிக் கொண்டுவந்தார். பெரிய மூடை என்றால் மறித்துவிடுவார்கள். பதினொரு தடவை வந்தார். ஏழாம் தடவை அடி வாங்கினார். எட்டாம் தடவையும் வந்தார்.

7. சென்ற மாரி வெள்ளத்தில் முஹம்மது தம்பியின் வயல் முழுதும் போயிற்று. பூட்டிக் கிடக்கும் மூன்று மூடையில் இரண்டு பூரணிக்கு, ஒன்று அவருக்கு. எங்கள் பக்கத்தில் இந்த இனம் வேறு எவரிடமும் இல்லை.

போன கிழமை நிறுவனத்தார் ஒரு சலுகை காட்டினார்கள். ‘இவ்விதையை எவரிடமிருந்தும் பெறவில்லை, எவருக்கும் கொடுக்கவுமில்லை’ என்று ஒப்பமிட்டால் மறுநாளே திறப்பு வருமாம். வேறு விளக்கத்துக்குப் படிவத்தில் இடமில்லை. விவசாயத் திணைக்களத்தின் கடிதம் இருந்தால் பார்க்கலாமாம். நான் பூரணியிடம், போடு பிள்ளை ஒப்பத்தை, என் தலையில் ஏற்கெனவே கோணேசர் மலையளவு பொய் இருக்கிறது, இன்னுமொரு கடுகு ஏறினால் தெரியாது என்றேன். அவள் பேனாவை என்னிடமே திருப்பித் தந்தாள்.

“அந்த மனுசன் பதினொரு தரம் வந்தவர், மாமா. வரேல்லையெண்டு நான் எழுதமாட்டன்.”

அந்தப் பேனாவால்தான் ஆறாம் பந்தியைக் கூட்டாமல் எழுதினேன். இது ஊரில் எவரும் நம்பாத செய்தி.

8. ஞாயிறு முதல் மழை இருட்டுகிறது. அக்கம்பக்கத்து வயல்கள் விதைத்தாயிற்று. பூரணியின் வயல் உழுது, வரம்பு கட்டி, வெறுமையாகக் கிடக்கிறது. அவள் தினமும் போய் நின்றுவிட்டு வருகிறாள். களஞ்சியத்தின் கூரைத் தகரத்தில் யுத்தகாலச் செல் துண்டுகள் போட்ட ஓட்டைகளை நானே எண்ணினேன்: பத்தொன்பது. கூட்டிச் சொல்லவில்லை. ஒரு பெருமழை உள்ளே இறங்கினால் நெல் சாக்கிலேயே முளைத்துவிடும். பாதை இன்று திறந்திருக்கிறது. எத்தனை போகத்துக்குத் திறந்திருக்கும் என்று தங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. திறந்திருக்கும்போதே ஒரு மூடை மூதூர் போய்ச் சேரவேண்டும்.

ஆகவே ஐயா, தங்களிடம் நான் கேட்பது ஒரே ஒரு கடிதம். விதையை மாற்றவில்லை என்று அதில் எழுதவேண்டாம். அப்படி எழுதினால் பூரணி அதையும் திருப்பித் தந்துவிடுவாள். மாற்றினார்கள், அது ஆய்வுகூடத்தில் நடந்ததல்ல, கமக்காரர் இருவர் கைக்குக் கை கொடுத்தது என்று எழுதுங்கள். எழுதும்வரை தங்கள் கந்தோர் வாசலில் கிடக்கும் அந்த ஆட்டம் காணும் கதிரையில், இம்முறை எழும்பாமல் இருப்பதாக உத்தேசம்.

இங்ஙனம்,
மழையைப் பார்த்தபடி,
கந்தவனம் அருளம்பலம்

கட்டைபறிச்சான்
14.10.2003

மனுவில் சொல்லப்பட்டவர்கள் தங்கள் கைப்பட எழுதியது:

விதை மாத்தினது உண்மை. – த. பூரணி

ஓம், மாத்தினனாங்கள். இனியும் மாத்துவம். – முஹம்மது தம்பி, மூதூர்