பதினெட்டு வருஷ விண்ணப்பம்

ஆகஸ்ட் 3, வெள்ளி. 1979

வெயில். மழை வருகிற மாதிரி காட்டிவிட்டு ஏமாற்றியது. வாங்கியது: கிணற்று மோட்டாருக்கு வாஷர். கிருஷ்ணாயில். சவர பிளேடு.

வேலூர் வந்து நாலு நாள். கேட்கிறவர்களுக்கெல்லாம் "லீவு". நிஜம் என் மனைவி கிரேஸுக்கு மட்டும் தெரியும். போன மாதம் சளியோடு விமானம் ஓட்டினேன். மெட்ராஸில் இறங்கும்போது இடது காதுக்குள் ஏதோ படாரென்றது. ஒரு வாரம் இரைச்சல், அப்புறம் அதுவும் இல்லை. கம்பெனி டாக்டர் பறக்கக் கூடாது என்றுவிட்டார். அடுத்த சனி பெங்களூரில் மெடிக்கல் போர்டு. தேறினால் மறுபடி விமானம். இல்லாவிட்டால் லைசென்ஸ் போச்சு.

கைக்கடிகாரத்தை வலது காதில் வைத்தால் ஓடுகிறது. இடது காதில் வைத்தால் நின்றுவிடுகிறது.

காலையில் மேலே விமானச் சத்தம். வாசலுக்கு ஓடி ஆம்பூர் பக்கம் தேடினேன். வண்டி மெட்ராஸ் பக்கத்திலிருந்து வந்து தலைக்கு மேல் போயே போய்விட்டது. ஒரு காதுக்குத் திசை தெரியாதாம். திசை தெரிந்துதான் இத்தனை வருஷம் சோறு தின்றேன். எதிர் வீட்டு சாயபு சிரித்துக்கொண்டே, "இன்னா கேப்டன், உங்க வண்டிய நீங்களே தேடறீங்க?" என்றார். நானும் சிரித்து வைத்தேன்.

ஆகஸ்ட் 4, சனி

வாஷர் அளவு தப்பு. மாற்றணும்.

சாயங்காலம் எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம். சபைப் போதகர் ஐயர் வந்தார், கிரேஸோடு வேலை பார்க்கும் நர்ஸுகள் நாலைந்து பேர். ஆண்டவர் செய்ததை எழுந்து சாட்சி சொல்லும் நேரம். டீ டம்ளர்களோடு நான் கதவோரம். என்றைக்கும் வாயைத் திறக்காத கிரேஸ் எழுந்து நின்றாள்.

"பதினெட்டு வருஷமா ஒரே விண்ணப்பம்தான். எங்க வூட்டுக்காரரைத் தரையில இறக்கிடும் ஆண்டவரேன்னு. கேட்டுட்டாரு."

எல்லோரும் "ஸ்தோத்திரம்" என்றார்கள். பழக்க தோஷம், நானும் சொன்னேன். சொன்ன பிறகுதான் எதற்கென்று உறைத்தது.

போர்டே முடியவில்லை. அதற்குள் சாட்சி!

நான் பத்திரமாக வரணும் என்று முட்டி போடுகிறாள் என்றல்லவா இத்தனை நாள் நினைத்தேன். ஐயர் என் கையைப் பிடித்துக் குலுக்கி, "சிஸ்டர் ஜெபம் வீண் போகல பாத்தீங்களா" என்றார். பிஸ்கட் தட்டை நீட்டினேன். வேறு என்ன செய்ய?

ஆகஸ்ட் 5, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. தலைவலி என்றேன். அவள் திரும்பி வந்ததும் கேட்டேவிட்டேன்.

"காது போகணும்னா கேட்டே?"

"ஐயோ, அப்டி கேப்பனா? ஆபீஸ்ல எதனா வேலை மாத்திக் குடுப்பாங்கன்னு நெனச்சேன். காதுன்னு நான் சொல்லவே இல்லீங்க."

"எப்படின்னு சொல்லாம விட்டுட்டியே. எந்த ரன்வே, எவ்ளோ உயரம்னு ஒண்ணும் சொல்லாம இறக்கு இறக்குன்னா, இப்படித்தான் இறங்கும்."

சிரிப்பாள் என்று நினைத்தேன். அழுதாள்.

"வார்டுல போன் அடிச்சா நான் எடுக்கறதில்ல. கல்யாணமான நாள்லேர்ந்து. பக்கத்துல இருக்கற சிஸ்டரை எடுக்கச் சொல்வேன். உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது. சத்தியமாகத் தெரியாது.

மேகத்தைத் தாண்டி மேலே வருகிற அந்த முதல் நிமிஷம் இன்னும் நான் சின்னப் பையன் மாதிரி சிரித்துவிடுகிறேன். ஒவ்வொரு தடவையும். அதை நான் அவளிடம் சொன்னதில்லை. சொன்னால் கிண்டல் பண்ணுவாள் என்று பயம்.

கோபம் யார் மேல் என்றே புரியவில்லை. இவள் மேலா? ஆண்டவர் மேலா?

ஆகஸ்ட் 7, செவ்வாய்

ஆம்பூர். கிரேஸின் தம்பி சாலமோன் தோல் டேனரியில் சூப்பர்வைசர். விஷயம் அதற்குள் அவன் வரைக்கும் போய்விட்டது. கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனான்.

"மாமா, எங்க மொதலாளி உங்களைக் கேக்கறார். மெட்ராஸ் ஹார்பர்ல ஷிப்மென்ட் பாக்க இங்கிலீஷ் பேசற ஆளு வேணுமாம். பேஜாரே இல்லாத வேலை."

தோல் ஊறும் பெரிய மர டிரம்கள் சுற்றிக்கொண்டிருந்தன. அவன் பேசியது பாதிதான் விழுந்தது. காதைத் தொட்டுக் காட்டினேன்.

"அட, இங்க பாதிப் பேருக்குக் காது கம்மிதான் மாமா. யாரும் கேக்க மாட்டாங்க."

நல்ல மனசோடுதான் சொன்னான். எனக்கு ஓங்கி அறைய வேண்டும் போல இருந்தது. நல்ல வேலைதான், தரையிலேயே இருக்கலாம், கிரேஸ் போன் எடுப்பாள். யோசிக்கிறேன் என்றேன். என்னத்தை யோசிக்க?

பஸ்ஸில் பக்கத்து ஆள் ஏதோ கேட்டார். தலையாட்டினேன். என் மடியில் ஒரு குழந்தையை உட்கார வைத்துவிட்டார். வேலூர் வரைக்கும் தூங்கியது.

ஆகஸ்ட் 9, வியாழன்

மழை. ஒருவழியாக. மோட்டார் ஓடுகிறது.

ஹாஸ்பிடலில் கிரேஸுக்குத் தெரிந்த காது டாக்டர் பார்த்தார். "சொல்ல முடியாது, தேறலாம், தேறாமலும் போகலாம்." இதைச் சொல்ல ஒரு டாக்டர்.

மத்தியானம் அவளிடம் நேராகவே கேட்டேன். மாற்றி ஜெபம் பண்ணு. பண்ணினால் என்ன?

"குடுத்ததைத் திருப்பி எடுத்துக்கோங்கன்னு எப்டிங்க சொல்றது? சாட்சி வேற சொல்லிட்டேன்."

"அப்ப நான் கேக்கறேன்."

"கேளுங்க. நானா வேணான்றேன்?"

முட்டி போட்டேன். ஒரே வீட்டிலிருந்து ரெண்டு மனு, ஒன்றுக்கொன்று நேர் எதிர். பாவம், அவர்தான் என்ன செய்வார்? பறக்கணும் என்று கேட்க வாயெடுத்தேன். வார்டில் போன் அடிப்பதும் இவள் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதும்தான் கண்ணுக்குள் வந்தது. ஒன்றும் கேட்காமல் எழுந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 10, வெள்ளி

காட்பாடியில் பெங்களூர் வண்டி. பெட்டியில்: வெள்ளைச் சட்டை ரெண்டு, லைசென்ஸ், பழைய மெடிக்கல் காகிதங்கள், அவள் வைத்த புளிசாதம்.

ஊருக்குக் கிளம்பும் முன் இருவரும் முட்டி போடுவது வழக்கம். அவள்தான் எப்போதும் ஜெபம் பண்ணுவாள். "ஆண்டவரே" என்றாள். பிறகு மெதுவாக, கிட்டத்தட்ட மூச்சாக, ஏதோ கேட்டாள். கெஞ்சிக் கேட்டாள். தோள் குலுங்கியது தெரிந்தது. என் கையை அவ்வளவு இறுக்கி அவள் பிடித்ததே இல்லை.

நான் ஆமென் சொன்னேன்.

என் இடது பக்கம் இருந்தாள். "ஆண்டவரே"வைத் தவிர ஒரு வார்த்தை காதில் விழவில்லை.