ஓரினின் சம்மதம்

ஏப்ரல் 3

இன்று எட்டுக் கன்று. ஒன்று செத்துப் பிறந்தது. மொன்டானாவுக்கு இந்த வருடம் வசந்தம் வருமா என்றே தெரியவில்லை.

நிலக்காப்புச் சங்கத்திலிருந்து கர்ட்டிஸ் வந்தார். நிலத்துக்கான காப்புப் பத்திரம் தயார். நிலம் எங்களுடையதாகவே இருக்கும். மேய்க்கலாம், விறகு வெட்டலாம், விற்கவும் செய்யலாம். துண்டு போட்டு மனையாக்க மட்டும் முடியாது. எங்களுக்குப் பின் யார் வாங்கினாலும் அப்படித்தான்.

அப்பா இறந்த பின் பாதி என் பேரில், பாதி அண்ணன் ஓரின் பேரில். கர்ட்டிஸ் சொன்னார்: "எதுல கையெழுத்துப் போடறோம்னு அவரே புரிஞ்சு, தன் வாயால சொல்லணும் சிக்னே. இல்லேன்னா கோர்ட்டுல நிக்காது."

புரிந்து! மறதி நோய் முற்றிய ஓரின் நேற்று தன் பூட்ஸை ரொட்டி அடுப்புக்குள் வைத்திருந்தான்.

ஏப்ரல் 17

பக்கத்துப் பண்ணை மனையாகிவிட்டது. எல்க் மான்கள் புது வேலியில் முட்டித் திரும்பி எங்கள் புல்வெளிக்கு வருகின்றன. எண்ணினேன், அறுபத்திமூன்று. எங்கள் வழியும் அடைபட்டால் எங்கே போகும்?

ஏப்ரல் 18

ஓரினுக்கு இன்று தெளிவில்லை.

ஏப்ரல் 25

இன்றும் இல்லை. என்னை "மேடம்" என்றான்.

மே 2

காலையில் தானே சவரம் செய்துகொண்டு வந்து உட்கார்ந்தான். பசுக்களின் பெயரெல்லாம் சரியாகச் சொன்னான். ஓடிப்போய்ப் பத்திரத்தை எடுத்துவந்து, வரிவரியாகப் படித்துக் காட்டினேன்.

"புரியுதா?"

"நல்லாப் புரியுது. போட மாட்டேன்."

"ஓரின்—"

"ரோண்டா ரெண்டு ஷிஃப்ட் நர்ஸ் வேலை பாக்குறா. எம் பொண்ணுக்கு நான் விட்டுட்டுப் போறது இந்த மண்ணு ஒண்ணுதான். விலை போகாத மண்ணை அவ வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவா? உனக்குப் பிள்ளை இல்ல சிக்னே. மான் இருக்கு."

ஒரு மாதமாக நான் காத்திருந்த தெளிவு இதுதான்.

மே 6

நோட்டரியும் கர்ட்டிஸும் பத்து மணிக்கு வருவதாக முன்பே ஏற்பாடு. நான் நிறுத்தச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? தெரியும். எழுதக் கை வரவில்லை.

ஓரின் இன்று பழையபடி குழப்பத்தில். ஆனால் சிரித்த முகம். போன வாரம் முழுக்க நான் சொல்லிக்கொடுத்த வாக்கியம் மட்டும் எங்கேயோ ஒட்டிக்கொண்டிருந்தது: "நிலத்தைத் துண்டு போடக் கூடாது." கர்ட்டிஸ் கேட்டதும் அப்படியே சொன்னான். நோட்டரி தலையாட்டினாள். "எங்க போடணும்மா?" என்று பேனாவை எடுத்தான்.

போட்டுட்டா முடிஞ்சுது. ஒரே ஒரு கோடு. யாருக்குத் தெரியப்போவுது? கடவுளே, யாருக்குத் தெரியும்?

பேனாவைப் பிடுங்கிக்கொண்டேன்.

"அவனுக்கு இதுல சம்மதம் இல்ல. திங்கக்கிழமையே சொல்லிட்டான்."

கர்ட்டிஸ் பத்திரத்தை மடித்துப் பையில் வைத்தார். காப்பியைக்கூடக் குடிக்காமல் போனார். நான் மாட்டுக் கொட்டகையில் போய் அழுதேன்.

ஜூலை 30

பாகம் பிரித்தாயிற்று. புல்வெளி ஓரினுக்கு, மேல்காடு எனக்கு. காட்டை நான் கேட்டு வாங்கினேன். அதற்கு மட்டுமாவது காப்புப் பத்திரம் எழுதலாம். ஓரினுக்காகக் கையெழுத்துப் போடும் அதிகாரப் பத்திரம் ரோண்டா கையில். "அத்தை, என் மேல கோவமா?" என்றாள். மூன்று நாளாகத் தூங்காத முகம். இல்லை என்றேன். பொய்தான்.

மாடுகளில் பாதியை விற்க வேண்டும்.

அக்டோபர் 28

மேல்காட்டுக்கு இன்று கையெழுத்துப் போட்டேன். கர்ட்டிஸ் கை குலுக்கினார்.

ஓரினையும் வண்டியில் அழைத்துப் போயிருந்தேன். திரும்பும்போது, ரோண்டா விற்ற புல்வெளியில் முதல் வீட்டுக்குக் கூரை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கண்ணாடியில் மூக்கு ஒட்டப் பார்த்தான்.

"யாரு அது? நம்ம இடத்துல கட்டுறாங்க! நீ தடுக்கலையா?"

"முடியல ஓரின்."

என் கையைத் தட்டிக்கொடுத்து, குரலைத் தாழ்த்திச் சொன்னான்:

"அழாத. அப்பாகிட்ட நான் பேசிக்கிறேன்."