காவடிக்கு முன் ஒரு ஸ்கேன்

அன்புள்ள அம்மாவுக்கு,

தமயந்தி வணங்கி எழுதுவது. உங்கள் முழங்கால் வலி தேவலையா? நம் ஊர் புக்கிட் ரோத்தானில் மழை விட்டதா? கிளாஸ்கோ குளிர் எனக்குப் பழகிவிட்டது.

போன வாரம் எங்கள் இதய ஆய்வுக்கு ஒரு பெண் வந்தாள். சின்ன வயதில் இரத்தப் புற்றுநோய் வந்து குணமானவள். நம் தம்பி புவனேசன் வயதுதான். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றாள். ஸ்கேன் எடுத்துப் பார்த்தோம். அன்று அவளைக் காப்பாற்றிய மருந்தே இதயத்தைத் தளர்த்தியிருந்தது. பயப்படாதீர்கள், காலத்தோடு பார்த்ததால் மாத்திரையில் சமாளிக்கலாம். எல்லாருக்கும் இப்படி ஆவதில்லை.

சின்ன வயதில் அதே நோய் வந்தபோது தம்பிக்கும் அதே மருந்துதான் ஏற்றினார்கள். அவன் பிழைத்ததும், "இனிமே எம்புள்ள ஆஸ்பத்திரி வாசல மிதிக்க மாட்டான், வருசா வருசம் காவடி எடுப்பான்" என்று முருகனிடம் வேண்டிக்கொண்டீர்கள். காவடி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பத்துமலைப் படி ஏறுமுன் அவனை ஒரு தடவை இதய ஸ்கேன் எடுக்க அழைத்துப் போங்கள். சரியில்லை என்றால் இந்தத் தைப்பூசத்துக்கு அவனுக்காக நான் வந்து பால்குடம் எடுக்கிறேன்.

கொஞ்சம் திருநீறு அனுப்புங்கள். கொண்டுவந்தது தீர்ந்துவிட்டது. நீங்கள் வீட்டில் கட்டும் பழைய கைலி ஒன்றையும் சேர்த்து அனுப்புங்கள், துவைக்க வேண்டாம்.

ஆய்வகத்தில் கூப்பிடுகிறார்கள், முடிக்கிறேன். மூச்சு வாங்குதா என்று தம்பியிடம் கேட்டதோடு விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு ஊசிக்கும், நீங்கள் அழக்கூடாதென, "வலிக்கலம்மா" என்று சொல்லியே வளர்ந்தவன் அவன்.

உங்கள் மகள்,
தமயந்தி